மயில்கழுத்துக் கடலை

அந்தச் சட்டியை நீங்கள் கழுவவில்லை, மேனேஜர் சார். துணியால் துடைத்துவிட்டு, கழுவியதாகச் சொன்னீர்கள். பழியை என் சித்தப்பா தலையில் வைத்தீர்கள்.

போன மாதம் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் உங்களை மேடையில் பார்த்தேன். என் மகளுக்கு ஓட்டப் பந்தயத்தில் பரிசு. கொடுத்தது நீங்கள். தலை நரைத்துவிட்டது, குரல் மட்டும் மாறவில்லை. மருந்து செய்கிறவனுக்குச் சுத்தம்தான் சாமி என்று மைக்கில் சொன்னீர்கள். கூட்டம் கை தட்டியது. நான் தட்டவில்லை. மகள் கோப்பையோடு ஓடிவந்து, ஏம்மா அவரை அப்படி முறைக்கிறே என்றாள். பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவள் வழி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிற கதைதான். அதுதான் எனக்கு ஆத்திரம்.

நாங்கள் காலடிப்பேட்டையில் இருந்தோம். நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, அப்போது கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். எண்ணூர் போகிற சாலையில் உங்கள் மாத்திரைக் கம்பெனியில் காண்டிராக்டில் வேலை பார்த்தார்.

அவர் வேலை மாத்திரைக்குச் சட்டை போடுவது. அவர் அப்படித்தான் சொல்வார். சாய்ந்த வாயோடு, யானைத் தலை பருமனில் ஒரு ஸ்டீல் உருண்டை. மோட்டாரில் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பெனியில் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு, சித்தப்பா சட்டி என்பார். கசக்கும் வெற்று மாத்திரைகளை அதற்குள் கொட்டி, சர்க்கரைப் பாகைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, சூடான காற்றை அடித்தால், மாத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு இனிப்பு உறை ஏறிக்கொள்ளும். கடைசிப் பாகில் நிறம் கலப்பார்கள். அந்த நிறம் மாத்திரையோடு நிற்காது. சித்தப்பாவின் நகத்தில் இருக்கும், காதுமடலில் இருக்கும். அன்றைக்குக் கம்பெனியில் என்ன மாத்திரை ஓடியது என்று தெரிய வேண்டுமானால் அவர் மூக்கு சிந்துவதைப் பார்த்தால் போதும். சிவப்பு என்றால் சத்து மாத்திரை. மஞ்சள் என்றால் வயிற்றுவலி. நீலம் என்றால் ஒன்றுக்குப் போகும்போது எரிகிறவர்களுக்கான மாத்திரை. அதற்கு உறை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் மருந்தும் நீலம். சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நானும் பக்கத்து வீட்டுப் பையனும் நிறத்துக்குப் பந்தயம் கட்டிக்கொண்டு அவர் கைக்குட்டைக்காகக் காத்திருப்போம். அம்மா அதைக் கலீஜ் விளையாட்டு என்று திட்டுவாள். சித்தப்பா எங்களுக்காகவே சத்தமாகச் சிந்துவார்.

எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது அந்தக் கம்பெனிக்கு ராணுவ ஆர்டர் வந்தது. எல்லைக் காடுகளில் இருக்கும் சிப்பாய்களுக்கு மலேரியா மாத்திரை. உறை அடர்பச்சை. சிப்பாய் சட்டை மாதிரியே மாத்திரைக்கும் சட்டை என்று சித்தப்பா சொன்னதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பையனின் அப்பா லாரிக் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே செய்கிற லாரிகள் பட்டாளத்துக்கும் போகும். அந்த ஒரே காரணத்துக்காக அவன் எங்களை எல்லாம் எதிரி நாட்டுக்காரர்கள் மாதிரி நடத்துவான். இப்போது என்னிடமும் பட்டாளம் இருந்தது. அவனிடம் போய்க் கேட்டேன்.

"உங்கப்பன் லாரில போற சோல்ஜருக்கு ஜொரம் வந்தா இன்னாடா பண்ணுவான்? டயர கடிச்சித் துன்னுவானா?"

காட்டில் குண்டு பிறகுதான் வரும், முதலில் வருவது கொசு என்று சித்தப்பா சொன்னதையும் அவன் காதில் போட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு அந்த ஆர்டரில் வேறு சந்தோஷம் இருந்தது. ஆர்டர் ஒழுங்காக முடிந்தால் சித்தப்பாவை நிரந்தரமாக்குவதாக நீங்கள் சொல்லியிருந்தீர்கள். புளியந்தோப்பில் ஒரு பெண் இருந்தாள். சித்தப்பாவுக்குப் பிடித்த பெண். அவளுடைய அப்பா, காண்டிராக்ட் கூலிக்குப் பெண் கிடையாது, பர்மனென்ட் ஆனால் மறுநாளே மாதா கோயிலில் கல்யாண ஓலை படிக்கலாம் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா பச்சையாக மூக்கு சிந்திய ஒவ்வொரு நாளும் அம்மா மாதா படத்துக்கு மெழுகுத்திரி ஏற்றினாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், அன்றைக்குத்தான் கம்பெனிக்குள் எங்களை விடுவார்கள். தெருவே குளித்துத் தலை வாரி எண்ணூர் பஸ்ஸில் ஏறும். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மெஷினுக்குப் பூஜை போடுகிறார்களோ அந்த மெஷின் அன்றைக்கு மருந்து செய்யக் கூடாது, தின்கிற பண்டம் செய்ய வேண்டும். சித்தப்பாவின் சட்டியில் மாத்திரைக்குப் பதிலாக வறுத்த வேர்க்கடலை உருளும். பாகு ஏறி, நிறம் ஏறி, பளபளவென்று வெளியே வரும். பேக்கிங் பகுதி அக்காமார்கள் அதை எடுத்துப்போய், நிஜ மாத்திரை மாதிரியே வெள்ளித்தாள் அட்டையில் அடைத்துத் தருவார்கள். நாங்கள் அட்டையைப் பிதுக்கிப் பிதுக்கிக் கடலை தின்போம். சித்தப்பா டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு மின்ன ஒன்னு, பின்ன ரெண்டு, வெறும் வவுத்துல மட்டும் வாணாம் என்பார். உலகத்தில் வேறு எங்காவது குழந்தைகளுக்கு இப்படி ஒரு நாள் கிடைக்குமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அந்த வருஷம் பூஜைக்கு ராணுவத்திலிருந்து மாத்திரையைச் சோதிக்க வரும் அதிகாரியும் வந்திருந்தார். வடக்கத்திக்காரர், பெரிய மீசை, உடைந்த தமிழ். சித்தப்பா ஞாயிறு பூசை தவறாத கிறிஸ்தவர். ஆனாலும் சட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கற்பூரம் காட்டி முடிந்ததும் சட்டி சுற்றத் தொடங்கியது. கடலை சரசரவென்று உருண்டது. சித்தப்பா பச்சை நிறம் கலந்த பாகை ஊற்றினார்.

வந்தது பச்சை இல்லை. பச்சையும் நீலமும் கலந்து மினுங்கிய, நான் அதுவரை எந்த மிட்டாயிலும் பார்க்காத ஒரு நிறம். கூட்டம் ஓ என்றது. சித்தப்பா மட்டும் சட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பச்சைதானே ஊற்றினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நீங்கள் பின்னால் நின்று அவர் முதுகில் தட்டினீர்கள். மயில் கழுத்து மாதிரி இருக்கு, அசத்திட்டேப்பா என்றீர்கள். மீசை அதிகாரி அட்டை அட்டையாகப் பிதுக்கிச் சாப்பிட்டார். நான் என் பாவாடை மடியை நிரப்பிக்கொண்டேன். தெருவில் பஸ் ஏற முடியாமல் போனவர்களுக்கும், அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகளுக்கும் கூடப் பங்கு போனது.

மறுநாள் காலையில் ரயில்வே சுவர்ப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பையன் கத்தினான்.

"டேய், எனுக்கு இங்க் வருதுடா."

பையன்கள் எல்லோரும் ஓடினார்கள். எல்லோருக்கும் வந்தது. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சுவரில் ஒருவன் மீன் வரைந்தான், ஒருவன் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டான், நாங்கள் லாரிக்காரன் என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டுப் பையன் லாரி வரைய ஆரம்பித்துப் பாதியில் தீர்ந்துபோய் நின்றான். பெண்பிள்ளைகளான நாங்கள் வீட்டுக் கழிப்பறைகளில் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக் காட்டிக்கொண்டோம். ஆனால் எங்களால் எதையும் வரைய முடியாது. ஆண்டவர் செய்த அநியாயங்களில் நான் முதலில் கண்டுபிடித்தது அதுதான். கடலை என் சித்தப்பாவுடையது, சுவர் மட்டும் அவர்களுக்கு.

அம்மா என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். பச்சை. சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குள் லாரிக்காரனின் அம்மா அவன் காதைத் திருகி இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். அவள் மீன் விற்பவள். அவள் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"இன்னாத்த போட்டு வச்சிக்கீறான் உன் கொயுந்தன் அந்தக் கடலைல? எம் புள்ள மசி பாட்டிலு மாரி போய்க்கினு கீறான்."

சித்தப்பா உள்ளே போய்விட்டு வந்தார். அவருக்கும் அப்படித்தான் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார், டீ கூடக் குடிக்கவில்லை.

பெரியவர்கள் எங்களை ஆட்டுமந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போனார்கள். அவர் ஒவ்வொருவர் நாக்கையும் பார்த்தார். அட்டையை மோந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். நிறைய தண்ணீர் குடிக்கட்டும், இரண்டு மூன்று நாளில் போய்விடும், யாருக்காவது மூச்சு வாங்கினாலோ கண் மஞ்சளானாலோ உடனே தூக்கி வாருங்கள் என்றார். முதல் பாதிதான் எங்கள் காதில் விழுந்தது. தண்ணீர் குடித்தால் இன்னும் நிறைய வரும். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க எங்கள் தெருக் குழாயடியில் குழந்தைகள்தான். கடைசி வரைக்கும் யாருக்கு நீலம் வருகிறதோ அவர்களே ராஜா என்று முடிவானது. நான் அரிசிப் பானைக்குப் பின்னால் ஓர் அட்டையை ஒளித்து வைத்திருந்தேன். மற்றவர்களுக்கு வெளிறிக்கொண்டே வர, நான் மட்டும் புத்தம் புதிதாக நீலமாகப் போய்க்கொண்டிருந்தேன். லாரிக்காரன் தோல்வியை ஒப்புக்கொண்டு, அவன் சுவரில் என் பெயரை எழுதித் தருவதாகக்கூடச் சொன்னான்.

அதற்கு அடுத்த நாள் காலையில் உங்கள் வெள்ளைக் கார் எங்கள் தெருவுக்குள் வந்தது. அந்தத் தெருவில் கார் நுழைவதே விசேஷம். நீங்கள் இறங்கினீர்கள். மீசை அதிகாரியும் இறங்கினார். டிரைவர் லட்டுப் பெட்டிகளைச் சுமந்து வந்தார். லாரிக்காரனின் அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். தெருவே வட்டமாகக் கூடியது. நான் முன்வரிசையில் நின்றேன். ராஜா ஆயிற்றே.

அதிகாரி முதலில் எங்களைப் பார்த்தார். தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, எனக்கும் நீலம் என்றார். நாங்கள் கூச்சல் போட்டோம். இவ்வளவு பெரிய மீசைக்குக் கீழேயும் நீலம்தான் வருகிறது என்பது எங்களுக்குப் பெரிய கௌரவம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார். சித்தப்பா பக்கம் திரும்பினார்.

"ட்ரம் கழுவினதா, இல்லியா? அதே ட்ரம்லதான் என் ஜவான் மாத்திரை. நீ சொல்லு. நிஜம் சொல்லு."

சித்தப்பா உங்களைப் பார்த்தார். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்தக் கடிகாரம் தங்க நிறத்தில் இருந்தது, அதை நான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார் போட்டேன்" என்றார் சித்தப்பா. "கலரு அயகா வரட்டும்னு நீலப் பவுடர ஒரு சிட்டிக சேத்துட்டேன். சட்டி சுத்தமாதான் இர்ந்திச்சி."

அதிகாரி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். அப்புறம் மூச்சை விட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நீங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, விளையாட்டுத்தனம், அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்தவன், இந்த ஒரு தடவை மன்னித்து விடுகிறேன் என்றீர்கள். லாரிக்காரனின் அம்மா, உன் வெளயாட்டுக்கு எம் புள்ளதான் கெடச்சானா கய்த என்று சித்தப்பாவின் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு லட்டை எடுத்துக்கொண்டாள். தெரு முழுக்கச் சிரித்தது. நான் கை தட்டினேன். எங்கள் தெருவையும் ஒரு பட்டாள அதிகாரியையும் ஒரே நாளில் நீலமாக்கியவர் என் சித்தப்பா. லாரிக்காரன் அப்பாவால் முடியுமா?

கார் போன பிறகு வீட்டுக்குள் அம்மா சித்தப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவள் சிரிக்கவில்லை. நான் வாய் நிறைய லட்டோடு கதவருகில் நின்றிருந்தேன்.

"நீ போடலியேப்பா" என்றாள் அம்மா. "போட்டிருந்தா அன்னிக்கி அப்டியா மொகம் செத்துப் போவும்?"

"வுடு அண்ணி. பேஜாரு பண்ணாத. பர்மனென்ட் ஆவட்டும்."

அவர் தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் ஜாலியாக எதையாவது செய்துவிட்டு, செய்யவில்லை என்று வீட்டில் மறைப்பார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். நைனா பீடி பிடிப்பது மாதிரி.

நீங்கள் வாக்குத் தவறவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்டர் நல்லபடியாகப் போனது. சித்தப்பா நிரந்தரமானார். பாக்கெட்டில் பெயர் தைத்த நீலச் சட்டை கொடுத்தீர்கள். புளியந்தோப்பிலிருந்து எனக்குச் சித்தி வந்தாள். கோயிலில் தாலி மந்திரிப்பு, மாலையில் தெருவில் பந்தல், பிரியாணி, பேண்டு வாத்தியம். நானும் லாரிக்காரனும் பாதங்கள் கொப்பளிக்க ஆடினோம். சித்தி வெட்கப்பட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, அந்த நீல ராணி நீதானா என்று கேட்டாள். ராஜாவை விட அது நன்றாக இருந்தது. என் கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. தெருவை நீலமாக்கினால் வேலை கிடைக்கும், புதுச் சட்டை கிடைக்கும், அழகான சித்தியும் கிடைப்பாள். பெரியவளானால் என்ன செய்யப் போகிறாய் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, சட்டி சுற்றப் போகிறேன் என்றேன்.

அப்படியும் ஆகவில்லை, ரொம்ப விலகியும் போகவில்லை. தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அதனால் இப்போது எனக்குத் தெரியும். அந்த நீல மருந்து பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது, நிறத்தோடு போய்விடும். ஆனால் சிலருடைய ரத்த அணுக்கள் அதைத் தாங்காது, உடைந்துவிடும். எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை. அது உங்கள் அதிர்ஷ்டம், சார். உங்கள் சுத்தம் இல்லை.

ஆண்டு விழா முடிந்து அந்த வாரமே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவருக்குச் சர்க்கரை நோய் மாத்திரை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கியதும் அட்டையைத் திருப்பி எந்தக் கம்பெனி என்று பார்ப்பார், பழக்கம். உங்கள் கம்பெனி இப்போது கன்டெய்னர் குடோனாகிவிட்டது. உங்களை மேடையில் பார்த்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு சொன்னார். சட்டியைக் கழுவிக் காயவைக்கப் பாதி ஷிப்ட் போய்விடும். ஆர்டர் அவசரம். காலையில் ராணுவத்துப் பச்சை, மத்தியானம் நீலம், மறுநாள் காலையில் மறுபடி பச்சை. நடுவில் துணியால் துடைத்தால் போதும், உறை அடர்பச்சைதானே, தெரியாது என்று நீங்கள் சொன்னீர்கள். பூஜைக்கு முதல் நாளும் நீலம்தான் ஓடியது. வருஷா வருஷம் பூஜைக்குக் கழுவும் சட்டியை அந்த வருஷம் துடைத்ததோடு விட்டார்கள். அதிகாரி நீலமாகப் போய்விட்டுக் கம்பெனிக்கு வந்து கேட்டதும், நீங்கள் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் புளியந்தோப்புப் பெண்ணைப் பற்றி விசாரித்தீர்கள்.

"நம்ம புள்ளைங்களுக்கு டாக்டர் இர்ந்தாரு, தண்ணி இர்ந்திச்சி" என்றார் சித்தப்பா. "அந்தப் பச்ச மாத்திரய துன்ன புள்ளைங்கள யாரு பாத்துருப்பா?"

எனக்கும் அந்த நினைப்புதான். எங்கோ ஒரு காட்டில், இருபது வயதுப் பையன் ஒருவன் மரத்தடியில் நீலமாகப் போய்விட்டு, தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று யாரிடமும் சொல்லப் பயந்துகொண்டு நின்றிருப்பான். அவனிடம் யாரும் லட்டுப் பெட்டியோடு காரில் போயிருக்க மாட்டார்கள்.

ராணுவ ஆர்டர் ஓடிய அந்த வாரங்களில் சித்தப்பாவின் கைக்குட்டையில் ஒரே நாளில் இரண்டு நிறம் இருந்தது. ஒரு மூலையில் பச்சை, ஒரு மூலையில் நீலம். பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று தெரியாமல் நானும் லாரிக்காரனும் சண்டை போட்டோம். கடைசியில் இருவருமே ஜெயித்ததாக வைத்துக்கொண்டோம். ஒரே சட்டி, ஒரே நாள், இரண்டு நிறம். முழு விஷயமும் என் கண் முன்னால் கைக்குட்டையில் விரிந்து கிடந்தது. நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதட்டுமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். எய்திக்கோ, அவரு சொல்லட்டும், நானும் சொல்றேன் என்றார். அன்றைக்கு எங்கள் தெரு நடுவில் நின்று பொய் சொன்னவர், அதே இடத்தில் நின்று உண்மையைச் சொல்லத் தயாராக இருக்கிறார். சித்தியும் பக்கத்தில் நிற்பதாகச் சொல்கிறாள். உங்களுக்கு எங்கள் தெரு வேண்டாம் என்றால் மேடை இருக்கிறது. அடுத்த வருஷமும் அந்தப் பள்ளிக்கூடத்தில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். குழந்தைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், என் மகளும் இருப்பாள். மைக்கைப் பிடித்து, சுத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.

சட்டியைக் கழுவினீர்களா?